ஜினெத்தின் கடையில் ஒரு மதியச் சாப்பாடு

பிறந்த குழந்தைகளுக்கான அந்தப் பனியனின் கழுத்து, சரியில்லை என்று பிரான்சிலிருந்து மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்று தடவையும் தைத்தவள் அனுசுயா. திருப்பூரில் பல்லடம் ரோட்டிலிருந்த ஒரு கம்பெனியில் அவள் சாம்பிள் டெய்லர். ஆர்டர் கிடைப்பதற்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுகிற முதல் துணி அவள் கையில்தான் உருவாகும். இங்கே கச்சிதமாக இருக்கும் கழுத்து, அங்கே போய் ஒரு சலவை கண்டதும் குழந்தையின் தலை நுழையாதபடி சுருங்கிவிட்டது. கடைசியில் அந்த ஊர் டிசைனர் ஓதில் ஒரு மெயில் அனுப்பினாள்: தைக்கிறவரையே அனுப்புங்கள், எங்கள் மிஷினில் உட்கார்ந்து தைக்கட்டும்.

முதலாளி வெள்ளியங்கிரி அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அம்மிணி, பாஸ்போர்ட் இருக்குதுங்களா?"

"இல்லைங்க சார்."

"எடுத்துப்போடலாம். நாம ரெண்டு பேரும் பிரான்சு போகோணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் அனுசுயா நினைத்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்து பதினாறு வருஷம். அதைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. புருஷன் ராஜபாண்டி நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். "பேசாம போய்ட்டு வா. பிள்ளைகள நான் பாத்துக்கிறேன்" என்றான். சென்னையில் விசாவுக்குப் போனபோது எதற்காகப் போகிறாய் என்று கேட்டார்கள். "கழுத்து சரி பண்ண" என்றாள். அங்கிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டாள். விமானத்தில் அனுசுயா ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை. ஜன்னல் வழியே தெரிந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அது 2006 புரட்டாசி. பாரிசிலிருந்து இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கேதான் ஓதிலின் கம்பெனி இருந்தது. ஓதிலுக்கு ஐம்பது வயது இருக்கும். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறிப் பேசுவாள். வெள்ளியங்கிரிக்குக் கம்பெனி இங்கிலீஷ் சரளம். அனுசுயாவுக்கு அவர்தான் மொழிபெயர்ப்பு.

போன அன்று காலையிலேயே அவள் பிடித்துவிட்டாள். தப்பு தையலில் இல்லை. இவர்கள் குழந்தைத் துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து, சூட்டிலேயே மிஷினில் சுற்றிக் காயவைக்கிறார்கள். வாஷிங் மிஷினின் கண்ணாடிக் கதவைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று எடுத்தாள். "சார், இம்புட்டுச் சூட்டுல போட்டா எந்தத் துணி சார் தாங்கும்? திருப்பூர்ல நாம பச்சத்தண்ணியில அலசி நிழல்ல போட்டுப் பாத்தோம்."

கழுத்துக்கு வைக்கிற துணியை முதலில் நீராவி இஸ்திரியில் நன்றாகச் சுருங்கவிட்டாள். ஆறிய பிறகு வெட்டினாள். இழுக்காமல், துணி போகிற போக்கில் விட்டுத் தைத்தாள். ஓதில் பக்கத்தில் நின்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனியன் மிஷினுக்குள் போனது. துவைத்துக் காய இரண்டு மணி நேரம்.

"வாங்க, அதுவரைக்கும் சாப்பிட்டு வருவோம்" என்றாள் ஓதில்.

பாலத்தைத் தாண்டிச் சந்தைத் திடலின் மூலையில் எட்டே மேஜை போட்ட சாப்பாட்டுக்கடை. மேஜைமேல் வெள்ளைத் தாள் விரித்திருந்தது. சுவரில் கரும்பலகை, அதில் சாக்பீஸில் அன்றைய சாப்பாடு. சமைப்பது ஜினெத் என்ற அம்மாள். பரிமாறுவது அவள் வீட்டுக்காரர். அனுசுயாவுக்கு எல்லாமே பார்க்க வேண்டியதாக இருந்தது. கூடையில் வெட்டிவைத்த நீளமான ரொட்டி, பக்கத்து மேஜைத் தாத்தாவின் காலடியில் படுத்திருந்த நாய், பூண்டு வதங்கும் வாசனை. அந்த வாசனை மட்டும் தெரிந்த வாசனை. அதை மோந்ததும் அவளுக்குப் பசித்தது.

வெள்ளியங்கிரி புரட்டாசி மாசம் கறி தொடமாட்டார், முட்டையும் கிடையாது. அதை ஓதிலுக்கு விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. பாலாடை ஊற்றி வேகவைத்த உருளைக்கிழங்கு அவருக்கு வந்தது. அனுசுயாவுக்கு ஓதிலே சொல்லியிருந்தாள், இந்த ஊரின் பெருமை என்று.

குழி குழியாக ஒரு தட்டு வந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு நத்தை, ஓட்டோடு. உருகிய வெண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

வெள்ளியங்கிரி கரண்டியைக் கீழே வைத்தார். "அம்மிணி, வேண்டாம்னா உட்ருங்க. உடம்புக்கு ஆகாதுன்னு நாஞ் சொல்லிக்கறேன்."

அனுசுயாவின் கண் தட்டைவிட்டு நகரவில்லை. மழை விட்ட மறுநாள் அவளும் அம்மா ஒச்சாயியும் கம்மாய்க் கரையில் நத்தை பொறுக்குவார்கள். மிளகு தட்டிப் போட்டு வறுத்தால் அப்பா காசிமாயன் சட்டியை வழித்துச் சாப்பிடுவார். திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்ததை ஒருநாள் டிபன்பாக்ஸில் எடுத்துப்போனாள். கூடச் சாப்பிட்ட பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். ஒரு மாசம் அவளை நத்தை என்றே கூப்பிட்டார்கள். அந்தக் கம்பெனியைவிட்டு நின்ற பிறகு, அதைத் தின்றிருக்கிறேன் என்று அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

ஓட்டைப் பிடிக்க ஒரு இடுக்கியும் எடுக்க ஒரு குட்டி முள்கரண்டியும் கொடுத்திருந்தார்கள். இடுக்கி கைக்குப் படியவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, ரொட்டித் துண்டால் ஓட்டைப் பிடித்தாள். மேஜையிலிருந்த பல் குத்தும் குச்சியைச் செருகி ஒரு திருகு. முழுசாக வந்தது. வாயில் போட்டாள். பூண்டும் வெண்ணெயும் அவளுக்குப் புதுசு. உள்ளே இருந்தது பழசு. அடுத்தது. அதற்கடுத்தது. ஓதில் ஒன்றை எடுப்பதற்குள் இவள் நாலு முடித்திருந்தாள்.

ஜினெத் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்தபடி வந்து ஏதோ கேட்டாள். ஓதில் இங்கிலீஷில் சொல்ல, வெள்ளியங்கிரி தமிழில் சொன்னார்.

"இப்படித் திருகி எடுக்க எங்க பழகுனீங்கன்னு கேக்கறாங்க."

அனுசுயா முதலாளியை ஒரு தரம் பார்த்தாள். மழுப்பிவிடலாம். அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

"எங்கம்மாட்டன்னு சொல்லுங்க சார். எங்க ஊருக் கம்மாயில பொறுக்கி நாங்க ஆக்கித் திம்போம். அங்க கருவேல முள்ளு வச்சு எடுப்போம்."

வெள்ளியங்கிரி ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். ஜினெத் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட ஆள் காத்திருந்தது, புருஷன் கூப்பிட்டார், அவள் காதில் வாங்கவில்லை. எப்படிச் சுத்தம் பண்ணுவீர்கள் என்று கேட்டாள். ராத்திரி முழுக்க அரிசி கழுவிய தண்ணீரில் போட்டுவைப்போம் என்றாள் அனுசுயா. நாங்கள் பத்து நாள் பட்டினி போடுவோம் என்றாள் ஜினெத். பத்து நாள் யார் பொறுப்பது என்று இவள் கேட்டதும் ஜினெத் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு இவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

சமையலறை இரண்டு பேர் திரும்பவே இடம் போதாத அளவு. வெண்ணெயில் கலந்திருந்த இலை கொத்தமல்லிபோல இருந்தது. மோந்து பார்த்தால் அது இல்லை. வெந்த நத்தை ஒரு பாத்திரம் நிறைய இருந்தது. ஜினெத் ஒரு வாணலியை அவள் கையில் கொடுத்து, செய் என்று ஜாடை காட்டினாள். அனுசுயா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். வெங்காயம் அரிந்து எண்ணெயில் சிவக்க வதக்கினாள். மிளகு எங்கே என்று இடிப்பதுபோலக் கையால் காட்ட, ஒரு டப்பா வந்தது. ஜினெத் ஒரு சிட்டிகை எடுத்தாள். அனுசுயா டப்பாவை வாங்கி ஒரு கைப்பிடி போட்டாள்.

முதல் வாயில் ஜினெத்துக்குப் புரை ஏறிக் கண்ணீர் வந்தது. தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். அப்புறம் புருஷனைக் கூப்பிட்டு ஊட்டிவிட்டாள். மிச்சத்தைக் கிண்ணங்களில் போட்டு மேஜை மேஜையாக அனுப்பினாள். நாய்க்காரத் தாத்தா இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். அனுசுயா வாசலில் நின்று, யார் முகம் எப்படிப் போகிறது என்று ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மணி மூணாச்சுங்க" என்று வெள்ளியங்கிரி எழுந்தபோதுதான் பனியன் ஞாபகம் வந்தது. மூவரும் பாலத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பனியன் காய்ந்து சூடாக இருந்தது. ஓதில் கழுத்தை அளந்தாள். குழந்தை பொம்மைக்குப் போட்டுப் பார்த்தாள். தலை வழுக்கிக்கொண்டு நுழைந்தது. கழற்றினாள், மறுபடி போட்டாள். பிறகு சாம்பிள் சரி என்று அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுசுயாவிடம் நீட்டினாள்.

அடுத்த வருஷம் முழுக்கக் கம்பெனி அந்தப் பனியனைத்தான் தைத்தது. அனுசுயா சாம்பிள் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனாள். ஆனால் திரும்பி வந்த மறுநாள் நடந்ததைத்தான் அவள் ராஜபாண்டியிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். வெள்ளியங்கிரி நேராக சாம்பிள் ரூமுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நம்ம அம்மிணி அந்த ஊர்க்காரங்களுக்கே நத்தை ஆக்கிப் போட்டுட்டு வந்துருக்குதுங்க. காரத்துல அந்தக் கடைக்காரம்மா அழுதே போட்டாங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரூமில் மிஷின்கள் நின்றன. உடுமலைப்பேட்டைக்காரி மருதாள்தான் முதலில் கேட்டாள்.

"ஏனுங்க்கா, நெசமாலுமே நத்தையா?"

"ஆமா. சின்னப்பிள்ளையில இருந்தே திம்பேன்."

அனுசுயா அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். மருதாள் மூக்கைச் சுளிக்கத்தான் செய்தாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"செரி, அந்தப் பொம்பள அழுதாங்களாமே. அதைய மொதல்ல இருந்து சொல்லுங்க."