அறுபது டச் அண்ணன்

பழைய வெள்ளி வாங்கி விற்பது என் தொழில். கடைத்தெருவில் எனக்கு ‘உச்சு’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்க்கடைக்காரனுக்கே தெரியாது. காரணம் இல்லாமல் இல்லை. யாராவது ஒரு கிண்ணத்தையோ கரண்டியையோ என் தராசில் வைத்தால், விலை சொல்வதற்கு முன்னால் உதட்டைச் சுழித்து ஒரு ‘உச்’ கொட்டுவேன். கொண்டுவந்தவர் முகம் சுண்டிப்போகும். ஏங்க, நல்ல வெள்ளி இல்லையா என்று அவரே கேட்டுவிடுவார். அப்புறம் என்ன, ஓர் உச்சுக்கு இரண்டு டச் இறங்கும். டச் என்பது நூறு பங்கில் சுத்த வெள்ளி எத்தனை பங்கு என்ற கணக்கு. தொண்ணூற்றிரண்டு டச் சாமானை இரண்டே உச்சில் எண்பத்தெட்டாக்கிவிடுவேன். இந்த வித்தைக்கு முதலீடு உதடு மட்டும்தான்.

வேறு வரும்படியும் உண்டு. அழுக்குக்குக் கொஞ்சம் கழிப்பேன், பற்றவைத்த இடத்துக்குக் கொஞ்சம், உருக்கினால் ஆகும் சேதாரத்துக்குக் கொஞ்சம். விலை ஏறினால் நேற்றைய விலைக்கு வாங்கி இன்றைய விலைக்கு விற்பேன். இறங்கினால் இன்றைய விலைக்கு வாங்கி நேற்றைய விலைக்கு விற்பேன். இத்தனையும் செய்து நான் பணக்காரன் ஆகவில்லை என்பதுதான் கொடுமை. ஏமாற்றுவதிலும் அரைகுறை. ஆனால் சுவரில் ஒரு போர்டு மட்டும் ஜம்மென்று தொங்கும்: ‘உங்கள் கண் முன்னால் உரசிப் பார்த்தே வாங்குவோம்.’

போன செவ்வாய்க்கிழமை கடை திறந்த கையோடு என் தங்கச்சி வந்தாள். ஒரு கையில் புருஷன், மறு கையில் துணிப்பை. மாப்பிள்ளை தையல்காரர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் மூன்று மாதமாக மிஷினை மூடி வைத்திருக்கிறார். மறுநாள் ஆபரேஷன். சாயங்காலத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டினால்தான் உண்டு, விட்டால் இன்னும் நாலு மாதம் காத்திருக்க வேண்டும். தங்கச்சி பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அது அவள் கல்யாணத்துக்கு நான் கொடுத்த வெள்ளித் தட்டு. நான் கொடுத்தது என்பதே பொய். நல்ல வெள்ளியில் செய்துவரச் சொல்லிப் பணம் தந்தவர் அப்பா. நான் அறுபது டச்சில் செய்யச் சொல்லி, மிச்சம் பிடித்து, ஒரு பழைய பைக் வாங்கினேன். தட்டின் முதுகில் ‘92’ என்று என் கையாலேயே முத்திரை குத்தினேன். பைக் மூன்றாம் மாதமே படுத்துவிட்டது. தட்டு மட்டும் இருபத்தாறு வருஷமாக அவள் வீட்டு அலமாரியில் பளபளத்துக்கொண்டிருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், மச்சான் கொடுத்தது, அசல் வெள்ளி என்று மாப்பிள்ளை அதைக் காட்டுவார். நானும் பக்கத்தில் நின்றுகொண்டு அடக்கமாகச் சிரிப்பேன்.

“தொண்ணூத்திரண்டு போட்டா ஆபரேஷனுக்குச் சரியா வந்துடும்ணே,” என்றாள் தங்கச்சி.

அறுபது போட்டால் மூன்றில் ஒரு பங்கு துண்டு விழும். தராசில் வைத்தேன், ஒன்றேகால் கிலோ. பழக்கதோஷம், உதடு தானாகச் சுழித்துக்கொண்டது. வந்த உச்சை இருமலாக மாற்றி விழுங்கினேன். தொண்ணூற்றிரண்டேதான், நான் கொடுத்த பொருளை நானே உரசுவதா என்று சொல்லிப் பெட்டியைத் திறக்கப் போனேன். மாப்பிள்ளை விடவில்லை. கண் தெரியாவிட்டாலும் போர்டு அவருக்கு மனப்பாடம்.

“உரசிப் பாருங்க மச்சான். சொந்தக்காரங்கன்னு சும்மா வாங்குனதா நாளைக்கு யாரும் பேசக் கூடாது.”

நேர்மையான மனுஷனை மாப்பிள்ளையாக அடைவதில் உள்ள கஷ்டம் அன்றைக்குத்தான் புரிந்தது. உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தேன். ஆசிட்டைத் தொட்டு வைத்தேன். நல்ல வெள்ளியாக இருந்தால், மேலே உப்புத் தண்ணீர் விட்டதும் வெள்ளையாகத் திரளும். இது அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, செம்பைக் காட்டிக்கொடுத்துப் பச்சையாகப் பொங்கியது.

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். அவள் இதே கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். பத்து வயதில் அப்பாவுக்குக் கல் பார்த்துச் சொன்னவள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

எப்படி இருக்கு என்று மாப்பிள்ளை அவளிடம் கேட்டார்.

“வெள்ளையா விழுந்திருக்குங்க,” என்றாள்.

மாப்பிள்ளைக்கு ஒரே பெருமை. எனக்குத் தெரியாதா மச்சானைப் பற்றி என்றார். அழுக்குக் கழிக்கவில்லை, சேதாரம் கழிக்கவில்லை, ஏறியிருந்த இன்றைய விலையையே போட்டேன். ஸ்கூட்டருக்காகச் சேர்த்து வைத்திருந்ததும் அதோடு போயிற்று. அவளுக்குக் கல் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று என் மரமண்டை முடிவு கட்டியது. பணத்தை நீட்டும்போது, வெட்கங்கெட்டவன், பெரிய தியாகிபோல நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டேன்.

அவள் மாப்பிள்ளையை வண்டியில் உட்காரவைத்துவிட்டு, அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுக்கத் திரும்பி வந்தாள். நான் இன்னும் கல்லைத் துடைக்கவில்லை.

“கல்யாணத்தன்னைக்கு கையில வாங்கும்போதே தெரியும்ணே,” என்றாள் மெதுவாக. “சிவந்துடக் கூடாதுன்னு வாராவாரம் நானே தேய்ப்பேன், அவரைத் தொட விட்டதில்ல. வேற எந்தக் கடைக்குப் போனாலும் இது அறுபதுதான். அதான் உன்கிட்ட வந்தேன்.”

கூட்டை எடுத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உதட்டைச் சுழித்து ஓர் ‘உச்’ கொட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.