கொய்யா மரத்தில் தொங்கிய காலுறை

அம்மாவின் இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன. ஈரக் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டுத் தோலுக்கடியில் செருகியது போல இருக்கும். எங்கள் வீட்டில் அதை யாரும் நோயாக எண்ணவில்லை. மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்குக் கால் அப்படித்தான் இருக்கும் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். கணுக்காலுக்கு மேலே உள்பக்கத்தில் தோல் கறுத்து, அரித்து, புண்ணாகி, அந்தப் புண் ஆறுவதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்த பிறகுதான் அம்மா நாமக்கல்லுக்கு வரச் சம்மதித்தாள்.

மருத்துவமனைகளில் ஸ்கேன் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. டாக்டர் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தபோது திரையைப் பார்த்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேலே போக வேண்டிய ரத்தம் வால்வு பழுதாகிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்று மோட்டாரில் புட்வால்வு போனால் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே போகுமே, அது போல என்று அம்மாவுக்குச் சொன்னேன். “அப்ப வால்வ மாத்தச் சொல்லு கண்ணு,” என்றாள்.

வால்வை மாற்ற முடியாது. டாக்டர் பொறுமையாக வழிகளைச் சொன்னார். ஒன்று, இறுக்கமான காலுறை. நோயைத் தீர்க்காது, வீக்கத்தை அடக்கும். இரண்டு, ஊசியில் நுரை மருந்து ஏற்றிச் சிறு நரம்புகளை மூடுவது. மூன்று, லேசர்: மரத்துப்போக ஊசி போட்டு, கெட்டுப்போன பெரிய நரம்பை உள்ளிருந்தே சூடாக்கி அடைப்பது, அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். நான்கு, பழைய முறையில் நரம்பை உருவி எடுக்கும் அறுவை சிகிச்சை. அம்மாவின் காலுக்கு லேசர் பொருந்தும், புண் திரும்ப வருவதற்குள் செய்துவிட்டால் நல்லது, அதுவரைக்கும் காலுறை போட வேண்டும் என்றார்.

“லேசரு வெச்சதுக்கு அப்பறமும் இந்த சாக்ஸ் போடோணுங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“சில வாரம் போடணும்மா. பகல் முழுக்க.”

“அப்ப ராகி அறுத்து உள்ள வெச்சுட்டு வாரேனுங்க.”

இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சேந்தமங்கலத்தில் மருந்துக் கடையில் காலை அளந்து காலுறை வாங்கி, அதை எப்படிப் போடுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்து, மலைக்கு பஸ் ஏற்றிவிட்டேன். காலையில் எழுந்ததும், வீக்கம் இறங்குவதற்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வாய் தவறிச் சொல்லி, உடனே திருத்தினேன்: வீக்கம் ஏறுவதற்கு முன். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

தினமும் காலையில் போன் செய்து “போட்டாச்சா?” என்று கேட்பேன். “போட்டாச்சு கண்ணு” என்பாள். அது உண்மைதான்.

அறுப்பு முடிந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. களத்துக்கு நடந்தேன். களத்து ஓரம் கொய்யா மரத்தடியில் எல்லோருடைய செருப்புகளும் வரிசையாகக் கிடந்தன. மேலே, தாழ்ந்த கிளையில், அம்மாவின் காலுறை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா வெறுங்காலோடு நின்று முறத்தில் தூற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இது என்ன?”

“களத்துல செருப்போட ஏறுவாங்களா?”

“இது செருப்பா?”

“காலுல மாட்டறதுதான?”

“மெட்டியும் காலுலதான் கெடக்குது.”

“மெட்டியும் இதுவும் ஒண்ணா?” அம்மா முறத்தை நிறுத்தவே இல்லை. “கீழ போட மனசு வரல, மண்ணாயிரும்னுதான் மரத்துல மாட்டி வெச்சேன். பத்தரமாத்தான இருக்குது.”

பத்திரமாகத்தான் இருந்தது. சாயம்கூட மங்கவில்லை. தினமும் வீட்டிலிருந்து களம்வரை அணிந்து வந்து கழற்றியிருக்கிறாள். பொழுது சாயும்வரை நின்றதில் கால் வீங்கிவிடும். அப்புறம் மாட்ட முடியாது. கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாளாம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே, “உங்கம்மா காலுக்குச் சட்ட வாங்கியாந்தியே சாமி, அந்தக் கொய்யா மரத்துக்கு நல்லாப் பொருந்தி இருக்குது பாரு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து அம்மாவின் புடவைக் கரையைச் சற்றே தூக்கிப் பார்த்தேன். பழைய புண் இருந்த இடம் திறந்து, ஈரமாக இருந்தது.

அன்று சாயங்காலம் நான் கத்தவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். புண் வந்துவிட்டது. இனிக் காத்திருந்தால் பெரிதாகும். இந்த வாரமே லேசர் செய்ய வேண்டும். செய்தபின் பகல் முழுக்கக் காலுறை வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “பாதி ராகி இன்னும் அடிக்காமப் போர்ல கெடக்குது. களத்துக்குப் போகாம எப்படி? போனா அதைக் கழட்டாம எப்படி?” என்றாள். திரும்ப முதல் இடத்துக்கே வந்து நின்றோம்.

கோபத்தை அடக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். எதிரே தார் ரோட்டில் கீழ்வீட்டுக்காரர்கள், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ராகிக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். பஸ் ஒன்று அதன்மேல் நிதானமாக ஏறிப் போனது. பின்னால் ஒரு ஜீப். அந்த வீட்டு அம்மா செருப்புக் காலோடு நடந்து கதிரைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, இங்க வா. அவங்க செருப்புப் போட்டுக்கிட்டு ராகியை மிதிக்கறாங்களே, அது பரவாயில்லையா?”

“அது ரோடு கண்ணு.”

“அதே ராகிதானே?”

“ராகி அதேதான். ரோடு களமாகுமா? களத்துக்குப் பொங்க வெச்சு கும்பிடறம். ரோட்டுக்கு யாரு கும்பிடறா?”

பஸ் டயர் ஏறலாம். என் காலுறை ஏறக்கூடாது. இதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. “அப்படின்னா மிச்சத்தை ரோட்டுலயே போடுங்க,” என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் திண்ணையில் இருந்த அப்பா தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

“ஏனுங்க, கல்லு சேருமுங்க,” என்றாள் அம்மா.

“சேந்தாச் சேருது. பொறுக்கிக்கலாம். தூத்தற வேலைய நான் பாத்துக்கறேன். நீ போய்ட்டு வா,” என்றார் அப்பா.

அந்த வாரமே லேசர் முடிந்தது. அதிக நேரம் நிற்கக் கூடாது, நன்றாக நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊருக்குத் திரும்பிய அம்மா காலுறையும் செருப்புமாக, ரோட்டில் பரப்பிய எங்கள் கதிரின் ஓரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து, கதிரைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்க மாட்டாள். அந்த வருடக் களியில் கல் நறநறவென்று கடிபட்டது. ஒவ்வொரு கல்லுக்கும் அப்பா என்னைப் பார்த்தார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது புண் மூடிப் புதுத்தோல் வந்திருந்தது. ஸ்கேனில் அந்த நரம்பு அடைபட்டிருந்தது; ரத்தம் கீழே இறங்கவில்லை. டாக்டருக்குத் திருப்தி.

“காலுறை பகல் முழுக்கப் போட்டீங்களாம்மா?”

“இந்தத் தடவ ரோட்டுலதானுங்க அடிச்சோம்,” என்றாள் அம்மா, அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை என்பது போல.

டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். “போட்டாங்க டாக்டர்,” என்று மட்டும் சொன்னேன்.