இரண்டு வருஷமும் ஒரு திதியும்

போன சனிக்கிழமை லண்டன் டூட்டிங்கில் முருங்கைக்காய் வாங்கப் போய், மனைவியைத் தொலைக்கப் பார்த்தேன்.

பயப்படாதீர்கள். சுகந்தி கடைக்கு வரவில்லை. அவள் இருப்பது யாழ்ப்பாணத்து மானிப்பாயில். ஒரு மாதத்துக்கென்று தாயைப் பார்க்கப் போனவள். போன மூன்றாம் நாள் மாமிக்குப் பாரிசவாதம். பதினொரு மாதம் படுக்கை. பிறகு மாமி போய்விட்டார். தனியே நின்ற மாமாவுக்குத் தேநீர் போடவும் தெரியாது. ஆட்டைத் திவசம் முடியட்டும், வருகிறேன் என்றாள். ஆண்டு நிறைவுத் திவசம்... எப்படி வேண்டாமென்பது?

கடைக்காரக் குமாரண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரிடம் கறிவேப்பிலையும் வீசா ஆலோசனையும் இலவசம். இரண்டும் சிலவேளை வாடியிருக்கும்.

"மனுசி இன்னும் வரேல்லையோ தம்பி?"

"இல்லையண்ணை. இருபத்திமூண்டு மாதமாச்சு."

முருங்கைக்காயைத் தராசில் வைத்த கை அப்படியே நின்றது. "அவவும் உம்மைப்போல பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ?"

"அவ இன்னும் நிரந்தர வீசாவிலைதான்."

அதற்கும் ஒரு கதை உண்டு. குடியுரிமைப் பரீட்சைப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே திருப்பித் தந்தாள். "எட்டாம் ஹென்றிக்கு எத்தினை பெண்சாதி எண்டு பாடமாக்கி நான் என்ன செய்யிறது? எனக்கு ஒரு புருஷனோடையே ஏலாமக் கிடக்கு."

"அப்ப கவனம்," என்றார் குமாரண்ணை. "ஒரேயடியா ரெண்டு வருஷத்துக்கு மேலை வெளியிலை நிண்டா அந்த வீசா செத்துப்போம்."

நான் பெரிய மனிதனாகச் சிரித்தேன். "தெரியுமண்ணை. இன்னும் இருபத்திநாலு நாள் கிடக்கு. இண்டையிலையிருந்து பன்னிரண்டாம் நாள் திவசம். முடிய அடுத்த நாளே பிளேன்."

"பன்னிரண்டாம் நாளெண்டு ஆர் சொன்னது?"

"மாமி செத்த திகதி அதுதானே."

"இங்கிலீஷ் திகதியோ? திதியெல்லோ பாக்கவேணும்."

எனக்குப் பின்னால் கீரைக்கட்டோடு நின்ற அம்மா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "திவசத்தைக் கலண்டரைப் பாத்து வைக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றே வட்ஸ்அப்பில் அழைத்தேன்.

"ஓம், ஐயர் நாள் சொல்லிப்போட்டார்," என்றாள் சுகந்தி. "இந்த வருஷம் திதி பத்தொன்பது நாள் பிந்தித்தான் வருது. போன கிழமையே சொன்னனான். நீங்கள் மேட்ச் பாத்துக்கொண்டு ஓம் ஓம் எண்டனீங்கள்."

பன்னிரண்டும் பத்தொன்பதும் முப்பத்தொன்று. கையில் இருப்பது இருபத்திநான்கு. நிலாவுக்கும் வீசா கொடுக்கும் ஹோம் ஆபிஸுக்கும் இடையில் ஏழு நாள் இடிக்கிறது! அவளுக்கும் கணக்கைச் சொல்லிப் போனை வைத்தேன்.

முருங்கைக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறினேன். வீட்டுக்கு எதிர்த்திசையில் போகும் ரயில் என்பது இரண்டு ஸ்டேஷன் தாண்டித்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். குமாரண்ணை சொன்னது சரி. தொடர்ச்சியாக இரண்டு வருஷத்துக்கு மேல் வெளியே நின்றால் அந்த அனுமதி தானாகவே இல்லாமல் போய்விடும். பிறகு அங்கிருந்தே புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். தனக்கு இந்த நாட்டோடு பலமான பிணைப்பு இருக்கிறது என்று காட்டவேண்டும். தருவார்களா? தரலாம்... தராமலும் விடலாம்.

என்னைப் பாருங்கள். நான் பிரஜை. பத்து வருஷம் வெளியே நின்றாலும் என் பாஸ்போர்ட்டை ஒருவரும் பறிக்கமாட்டார்கள். ஆனால் எனக்கு வேலையில் கிடைக்கும் லீவு வருஷத்துக்கு ஐந்து கிழமை! நிற்க உரிமை உள்ளவனுக்கு நேரமில்லை, நேரம் தேவைப்படுகிறவளுக்கு உரிமையில்லை.

பயம் வந்தால் எனக்குக் கோப்பு தயாரிக்கும் வியாதியும் வரும். ஒரு ஃபைலை எடுத்து, மேலே 'பலமான பிணைப்பு' என்று எழுதினேன். உள்ளே என்ன வைப்பது? டாக்டரின் கடிதம் ஒன்று. நூலக அட்டை ஒன்று, அதுவும் காலாவதி. அவளுடைய தையல் மெஷினைப் படம் எடுத்தேன். ஊசியில் பச்சை நூல் கோத்தபடியே இருந்தது. எதைத் தைக்கக் கோத்தாள்? கேட்க வேண்டுமென்று நினைத்தேன். கேட்கவில்லை.

கடைசியாக, கதவுக்குப் பின்னால் தொங்கும் அவளுடைய குளிர் ஜாக்கெட். இரண்டு குளிர்காலமாக அதை யாரும் தொடவில்லை. பொய் சொல்வானேன்? நான் இடைக்கிடை தொடுவேன். பையில் ஏதாவது ரசீது கிடைக்குமா என்று கைவிட்டால், மடித்த துண்டு ஒன்று. அவளுடைய எழுத்து.

உளுந்து. நல்லெண்ணெய். பல்ப் இரண்டு. இவருக்கு மிக்சர்.

அதைப் படம் எடுக்கவில்லை. ஃபைலிலும் வைக்கவில்லை. சப்பாத்துக்கூடக் கழற்றாமல் படியில் கொஞ்ச நேரம் இருந்தேன். இந்த நாட்டில் சுகந்தி எத்தனை நாளாக இல்லை என்று எண்ணிக்கொண்டிருப்பது இரண்டே பேர். ஒன்று ஹோம் ஆபிஸ். மற்றது நான். அவர்கள் இரண்டு வருஷம் பொறுப்பார்கள். நான் இரண்டாம் கிழமையே முடிந்துபோனேன்... ஒருவருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குமா சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? தாய்க்குக் கஞ்சி பருக்கியவளிடம், பிறகு தகப்பனைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம், 'எனக்குத் தனிமையாக இருக்கிறது' என்று சொல்ல வாய் வருமா? அதனால் தினமும் காலையில் அழைத்து, வெந்நீர் பொயிலர் சத்தம் போடுகிறது, கவுன்சில் குப்பை அள்ளும் நாளை மாற்றிவிட்டது என்று செய்தி வாசிப்பேன். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்தபோது பேச்சு தயாராக இருந்தது. மூன்று பொயிண்ட். முதலாவதைத் தொடங்கமுன் அவள் சொன்னாள்:

"நான் வெள்ளிக்கிழமை வாறன்."

"திவசம்?"

"அண்ணை கனடாவிலையிருந்து புதன்கிழமை வந்திடுவார். அப்பாவை அவர் பாப்பார். நான் ரெண்டு வருஷம் முடியமுன் அங்கை வந்து ரெண்டு கிழமை நிண்டிட்டு, திவசத்துக்கு இஞ்சை திரும்பி வந்து சமைச்சுப் படைச்சுப்போட்டு ஒரேயடியா அங்கை வாறன். அப்பாவை அண்ணை தன்னோடை கூட்டிக்கொண்டு போறாராம்."

நேற்றுத்தான் யோசித்தாளாம். ஒரு ஃபைலும் இல்லாமல்.

"எயார்போர்ட்டிலை கேப்பினம்," என்றேன். "இவ்வளவு நாள் ஏன் வரேல்லை, இஞ்சையோ அங்கையோ குடியிருக்கிறீர் எண்டு."

"கேக்கட்டும். இஞ்சை நிண்டது அம்மாவுக்காக, என்ரை வீடு லண்டனிலை எண்டு சொல்லுவன். பொய்யே?"

நான் ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். "அப்ப... வீசாவுக்காகத்தான் வாறீரோ?"

"வேறை என்னத்துக்கெண்டு நினைச்சனீங்கள்?"

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பொயிலர் மட்டும் தன் பாட்டில் சத்தம் போட்டது.

இதை எழுதுவது வியாழக்கிழமை. வீட்டை இரண்டு தரம் கூட்டிவிட்டேன். நரைத்த தலைக்கு மை பூசி, காதுக்கும் பூசிவிட்டேன். காதிலிருந்து இன்னும் போகவில்லை. நாளை ஹீத்ரோவில் என்னைக் கண்டுபிடிப்பது அவளுக்குச் சுலபம்.

மாலையில் குமாரண்ணையிடம் போய், அன்று விட்டுவந்த முருங்கைக்காயை வாங்கினேன். செய்தியைச் சொன்னதும் அவருக்குச் சட்டத்தின்மேல் கோபம் வந்துவிட்டது.

"என்ன சட்டம் இது? தாய் தகப்பனைப் பாக்கப் போன சனத்தை இப்பிடி அலைக்கழிக்கிறது! ரெண்டை அஞ்சாக்கச் சொல்லி எம்.பி.க்கு எழுதவேணும். நீர் பேப்பரிலை எழுதிற ஆள், நீர் எழுதும்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். இருபத்திமூன்று மாதம் நான் வாய் திறந்து கேட்காததை, அந்தச் சட்டம் ஒரே வரியில் கேட்டுவிட்டதே.

எம்.பி.க்கு எழுதத்தான் போகிறேன். ஐயா, இரண்டு வருஷம் மிக அதிகம். தயவுசெய்து ஆறு மாதமாகக் குறையுங்கள்.