நாய் சாப்பிட்டதா?

ஒரு நாய் உயிரோடிருக்கும்வரைதான் நானும் உயிரோடிருப்பேன் என்று ஐந்தாம் வகுப்பில் நம்பினேன். காலையில் கண் விழித்ததும், சாமி கும்பிடுவதற்கு முன்னால், அந்த நாய் சாப்பிட்டிருக்குமா என்றுதான் கவலைப்படுவேன்.

ராஜபாளையத்தில் நூல் மில் சங்கு ஊத ஆரம்பிக்காத காலம் அது. பருத்தி மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்காரர் மகன் ஒருவன் எங்களோடு படித்தான். பெயிலாகிப் பெயிலாகி மீசை எட்டிப் பார்க்கிற வயது. அவன் வீட்டில் ஒரு வெள்ளை நாய் உண்டு. ஒரு சாயங்காலம் அந்த வீட்டுச் சந்து வழியாக நாலைந்து பேர் போனோம். சுவருக்கு அந்தப் பக்கம் நாய் குரைத்தது. அவிழ்த்து விட்டுவிட்டான் என்று எவனோ சொல்ல, எல்லோரும் ஓடினோம். ஓட்டத்தில் நான் எப்போதும் பின்தங்குகிறவன். எனக்கும் பின்னால் என் பெஞ்சுச் சிநேகிதன் மட்டும் வந்தான். கெண்டைக்காலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளி ரத்தம். திரும்பி நாயைப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

"கடிச்சிருச்சுலே" என்று சிநேகிதன்தான் சொன்னான்.

கடித்த நாய் செத்துப்போனால் கடிபட்டவனுக்கு ஆபத்து, அது நன்றாகத் தின்று திரிந்தால் பயமில்லை என்பது ஊர் நம்பிக்கை. அதனால் பெரியவர்கள் நாயைக் கொஞ்ச நாள் கவனிக்கச் சொல்வார்கள். என் மூளை அதைத் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டது: நாயைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டில் சொன்னால் புத்தூர் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்த் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்றான் சிநேகிதன். ஊசியின் நீளத்தை இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். நான் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து என் தூக்குச்சட்டி நாய்க்குப் போனது. கிட்டங்கிக்காரர் மகனும் சிநேகிதனும் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர்களுக்காகக் காத்திருப்பேன். தோசை கொடுத்த அன்று நாய் வாலை ஆட்டிச் சாப்பிட்டதாம். பழைய சோற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். கத்தரிக்காயில் உப்புக் கூடிவிட்டதென்றுகூட ஒரு நாள் செய்தி வந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை, பயம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் நாய்க்காகக் கறி திருடி, அம்மாவிடம் கரண்டிக் காம்பால் வாங்கினேன்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை ஆரம்பித்தது. வெறி பிடித்தவன் தண்ணீருக்குப் பயப்படுவான் என்பதால், கிணற்றடித் தொட்டியில் தினமும் என் தலையை அமுக்கிப் பார்த்தார்கள். மூச்சு முட்டி நான் உதறினால், "பாத்தியாலே, பயப்படுதான்" என்பான் கிட்டங்கிக்காரர் மகன். என்மேல் பட்டவனெல்லாம் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டான். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. சிநேகிதனும் எழுந்து போய்விட்டான்.

ஒரு மத்தியானம் தூக்குச்சட்டி திறக்காமலே திரும்பி வந்தது.

"நேத்துலேருந்து ஒண்ணும் திங்கலலே. வாயில நுரை தள்ளுது" என்றான் கிட்டங்கிக்காரர் மகன்.

அடுத்து நடந்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாரும் கேட்காமல், நானாகத்தான் குரைத்தேன். அடக்க அடக்கக் குரல் நன்றாகவே வந்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானோ அழுதுகொண்டே குரைத்தேன்.

"செத்த நேரம் கெட்டிப் போடுவோம். பொறவு ஆரையும் கடிச்சிரப்படாதுல்லா" என்றான் கிட்டங்கிக்காரர் மகன்.

பள்ளிக்கூடம் விட்டதும் என்னை அந்த வீட்டுக் கொல்லைக்கு இழுத்துப்போய், நாய்க்குப் பக்கத்து முளையில் கிணற்றுக் கயிற்றால் கட்டினார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூச்சுக்காற்று முகத்தில் பட்டது. பிறகு அது கீழே படுக்கும் சத்தம். கண்ணைத் திறந்தபோது நாய் என்னைப் பார்த்து நிதானமாகக் கொட்டாவி விட்டது. வாயில் ஒரு பல்கூட இல்லை. வெறும் ஈறு. கூழ் குடித்துக் காலம் தள்ளுகிற கிழட்டு நாய்.

சுவரின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"முள்ளுலே அது. நான்தான் குத்துனேன்" என்றான் சிநேகிதன்.

அது உடைமரத்து முள். ஒரு கணுவில் இரண்டிரண்டாக இருக்கும். குத்தியவன் அவன். சோற்றைத் தின்றவர்கள் அவனும் கிட்டங்கிக்காரர் மகனும். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்ட பிறகும் இருட்டும்வரை அவர்கள் கயிற்றை அவிழ்க்கவில்லை.