ஸ்டாண்டு ஃபேன்

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் சூடாகிறதென்று ஒருவர் அதன் மூடியைக் கழற்றி, ஃபேனை அதன் பக்கம் திருப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிவகாசியில் அம்மா வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தில் ஒரே ஒரு ஸ்டாண்டு ஃபேன்தான். சீசனில் டிசைன் போடும் கம்ப்யூட்டர் சூடேறி அடிக்கடி நின்றுபோனதால், பெண்களுக்கு ஓடிய ஃபேனை முதலாளி அதற்கு வைத்துவிட்டார். காலண்டரின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் அம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். பள்ளி விட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அம்மா மயங்கிச் சரிந்தாள்.

"ஏத்தா, அந்த ஃபேனை இங்கன திருப்பு" என்று கத்தினாள் பக்கத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா. திருப்பினார்கள்.

அம்மா கண் திறந்ததும் முதலாளி சொன்னார்: "அதான் முழிச்சிட்டாள்ல. ஃபேனை அங்கன வைங்க. கம்ப்யூட்டர் நின்னா ஆர்டர் போயிரும்."

யாரும் அசையவில்லை. எழுந்து போய் ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தது அம்மாதான்.