கிளெனிஸின் கண்ணாடி அறை

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் கிளெனிஸ் ஆர்மரோட் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவள். ஓய்வு பெற்றதும் அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான். வீட்டை ஒட்டி ஒரு கண்ணாடி அறை வேண்டும், மழை கொட்டினாலும் வெளிச்சத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும்.

முதலில் வந்தவன் ஒரு விற்பனைக்காரன். மூன்று மணி நேரம் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் பாதி விலை என்றான்.

"இன்னைக்குப் பாதி விலைக்குக் குடுக்க முடியும்னா நாளைக்கும் முடியும். நான் யோசிச்சுச் சொல்றேன், கெளம்புங்க" என்று அவன் கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அவள் ஒன்றும் சும்மா யோசிக்கவில்லை. வசந்தம் தொடங்கி இலை உதிரும் வரை, வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தாள். கணவன் வால்டர், பழைய பஸ் டிரைவர், சன்னலில் நின்று கேலி செய்தான்: "சூரியனுக்கே டைம்டேபிள் போடுறியா?" ஆனால் அந்தக் குறிப்பால்தான் ஒரு விஷயம் தெரிந்தது. எல்லாரும் கட்டச் சொன்ன பின்பக்கத்தில் காலை ஒன்பதுக்கு மேல் நிழல்தான். பக்கவாட்டில் சாயங்காலம் வரை வெயில்.

ஊர்க்காரரான கொத்தனார் ஃபிராங்க் டக்டேலைப் பிடித்தாள். அவர் முன்பு கண்ணாடி அறை கட்டிக் கொடுத்த மூன்று வீடுகளுக்கு மழை நாளாகப் பார்த்துப் போனாள். ஒழுகுகிறதா என்று அந்தந்த வீட்டுக்காரிகளையே கேட்டாள். எங்கும் ஒழுகவில்லை. ஆனால் ஒருத்தி, ஜூலையில் உள்ளே கால் வைக்க முடியாது, அடுப்புதான் என்றாள். அதனால் கிளெனிஸ் கூரையில் திறக்கிற சன்னல் கேட்டாள். வீட்டுக்கும் அறைக்கும் நடுவில் இருந்த கதவையும் எடுக்க விடவில்லை. அதை எடுத்தால் குளிர்காலத்தில் வீட்டுச் சூடெல்லாம் கண்ணாடி வழியே போய்விடும்.

அஸ்திவாரத்துக்கு மூன்று அடி தோண்டியதும் ஃபிராங்க் காங்கிரீட் வண்டிக்குச் சொல்லி அனுப்பப் போனார். கிளெனிஸ் துடைப்பக் கம்பைக் குழிக்குள் குத்தினாள். அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

"இன்னும் தோண்டணும், ஃபிராங்க்."

"இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலை பாக்குறேம்மா."

"பாத்துருப்பீங்க. இந்தக் குச்சியப் பாருங்க."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் தோண்டினார். ஐந்தாவது அடியில் சாம்பலும் உடைந்த பீங்கானுமாக வந்தது. யார் காலத்துக் குப்பைக் குழியோ. ஃபிராங்க் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கெட்டி மண் வரும் வரை இன்னொரு நாள் முழுக்க வேலை நடந்தது.

பிப்ரவரியில் அடித்த காற்றில் தெருவில் இரண்டு வேலிகள் சாய்ந்தன. கிளெனிஸின் அறையில் ஒரு கண்ணாடிகூட அசையவில்லை.

அதற்குப் பிறகு ஃபிராங்க் புது வாடிக்கையாளர்களை நேரே அங்கேதான் கூட்டி வருவார். "எங்கிட்ட கேக்காதீங்க, அந்தம்மாவக் கேளுங்க" என்று வாசலிலேயே நின்றுகொள்வார். அவள் வெயில் கணக்கில் ஆரம்பித்து, அவர்கள் வீட்டில் சாக்கடை மூடி எங்கே இருக்கிறது என்பது வரை விசாரிப்பாள். வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்து, நல்ல கட்டு என்று சொன்னால் வால்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவான்.

"மேல தெரியறது ஃபிராங்க் கட்டினது. கீழ இருக்குறது எம் பொண்டாட்டி தோண்ட வச்சது."

கிளெனிஸ் அவனை ஒருபோதும் தடுத்ததில்லை.