கரண்டி கந்தப்பனுக்காக ஓட்டிய மேட்னி

1. பெட்டி வந்தது

1999 ஜூலை 13, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் காலை ஒன்பது மணிக்குத் தியேட்டருக்கு வந்து ஆபரேட்டர் ரூமைத் திறந்தேன். ஆனி மாதக் காற்றில் கரிசல் புழுதி எந்த இடுக்கு வழியாகவாவது உள்ளே வந்து மிஷின்மேல் படிந்துவிடும். பழைய வேட்டித் துணியால் இரண்டு புரொஜெக்டரையும் துடைத்தேன். லென்ஸுக்குத் தனித் துணி. பிலிம் நழுவி ஓடுகிற கேட்டில் ஒட்டியிருந்த பிசுக்கைச் சுரண்டினேன். பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டேன். லேம்ப் ஹவுஸில் முந்தின நாள் எரிந்த கார்பன் துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, திரைக்கு வெளிச்சம் தரும் புதுக் குச்சிகளை மாட்டினேன். பிறகுதான் டீ.

அன்று மேட்னிக்கு மட்டும் வேறு படம். கரண்டி கந்தப்பன் ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இறந்திருந்தார்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. முதல் படத்தில் கல்யாண வீட்டுச் சமையல்காரனின் எடுபிடியாகக் கரண்டியோடு வந்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒடிசலான ஆள். எந்தப் படத்திலும் யாராவது அவரை ஏமாற்றுவார்கள், அல்லது அடிப்பார்கள். தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, அடுத்தது?" என்பார். தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சி அடுக்குகிற பெண்களிலிருந்து பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் வரை எங்கள் ஊரில் அதைச் சொல்லாத வாய் கிடையாது.

ரசிகர் மன்றத் தலைவர் ஆட்டோ ஓட்டும் முருகேசன். திங்கட்கிழமை காலையிலேயே மொட்டை போட்டுக்கொண்டு மேனேஜரிடம் வந்தார்.

"சார், அவியளுக்கு ஒரு மேட்னி போடணும். ஆடு வாங்க வருவாகள்லா, அந்தப் படம். நம்ம ஊர்க் காட்டுல எடுத்தது."

"அது ஏழு வருஷத்துப் படம்யா. பிரிண்டு இருக்கோ என்னமோ."

"மதுரையில ஒண்ணு இருக்காம் சார். போன் போட்டுக் கேட்டுட்டேன். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க. எங்க அப்பா செத்ததுக்குக்கூட நான் மொட்டை போடல சார்."

"அது எனக்கும் தெரியும். ஊரே உன்னை அதுக்குத் திட்டுச்சே" என்றார் மேனேஜர். ஆனால் சரி என்றுவிட்டார். அன்று மாலையே முருகேசன் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் கிராமமான இடைசெவல் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

படப்பெட்டி செவ்வாய்க்கிழமை மதுரை பஸ்ஸில் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது. தகரப் பெட்டியில் துரு. வந்த பிரிண்டை அப்படியே மிஷினில் மாட்டுவது என் வழக்கமில்லை. ஒவ்வொரு ரீலாக ரீவைண்டரில் ஏற்றி, ஓரத்தை விரல்களுக்கு நடுவில் விட்டு மெதுவாகச் சுற்றுவேன். எங்கே கிழிசல், எங்கே வெட்டி ஒட்டிய ஜாயிண்ட் என்று விரலே சொல்லிவிடும்.

ஒன்பதாவது ரீலில் என் விரல் நின்றது. ஒரு சாண் நீளத்துக்குள் மூன்று ஜாயிண்ட். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கந்தப்பன் செம்மறிக் கிடாவின் கயிற்றைப் பிடித்திருக்கிறார். கிடா இழுக்கிறது. கால் வழுக்குகிறது. அதற்கடுத்த பிரேமில் ஊர்த்தலைவர் வீட்டு முற்றம். கந்தப்பன் சகதியில் விழுவதும் அதற்குப் பிறகு வருவதும் இல்லை.

யார் வெட்டினார்கள் என்று கேட்டால் ஒரு ஆளைச் சொல்ல முடியாது. பிடித்த நடிகரின் துண்டை வெட்டி வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் பல ஆபரேட்டர்களுக்குப் பழக்கம். சிலர் அந்தத் துண்டுகளை ஒன்றாக ஒட்டி இடைவேளையில் ஓட்டிக் கைதட்டல் வாங்குவார்கள். சிலர் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். பிரிண்ட் ஊர் ஊராகப் போகப் போக, நல்ல காட்சிதான் முதலில் குறையும். கந்தப்பனை யாரும் ரசிக்காத படங்களில் அவர் இன்றைக்கும் முழுசாக இருப்பார். கொண்டாடின படத்தில்தான் இல்லை.

2. பெருமாள்

அந்தக் காட்சியில் கந்தப்பன் தவிர இன்னொருவரும் உண்டு.

1992-இல் இடைசெவல் பக்கம் அந்தப் படத்தை எடுத்தபோது, ஆடுகளுக்காகப் பெருமாள் என்ற கீதாரியின், அதாவது மந்தை மேய்க்கிறவரின், ஆட்டுக் கிடையை வாடகைக்குப் பிடித்தார்கள். கந்தப்பன் சகதியில் விழுந்ததும், ஆட்டுக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்ற பெருமாளின் மனைவி ராமலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டருக்கு அது பிடித்துப்போய், அவளை மறுபடி நிற்கவைத்துக் கிட்டத்தில் ஒரு ஷாட் எடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

படம் எங்கள் தியேட்டரில் ஓடிய நாட்களில் பெருமாள் தினமும் வருவார். ஒன்பதாவது ரீல் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். ஒருநாள் ராமலட்சுமியையும் கூட்டி வந்தார். அவள் திரையில் தன்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். கடைசிவரை நிமிரவில்லை.

மறுவருஷம் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தவழ்கிற பருவத்தில் ராமலட்சுமியைக் காட்டில் பாம்பு தீண்டியது; பிழைக்கவில்லை. கல்யாணத்தில் எடுத்த ஒரே போட்டோவைக் கறையான் தின்றிருந்தது. படம் ஏதோ கேஸில் மாட்டியதால் வீடியோ கேசட்டாகவும் வரவில்லை, டிவியிலும் வரவில்லை. அவள் முகம் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் ஒன்பதாவது ரீல்.

மேட்னிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பெருமாள் படியேறி வந்தார். சலவைச் சட்டை. கையைப் பிடித்துக்கொண்டு புதுப் பாவாடையில் மகள், ஆறு வயது.

"அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? பிள்ளைக்கு அவ அம்மையக் காட்டிரலாம்னு கூட்டியாந்தேன்."

நான் அவளைக் கீழே போஸ்டர் பார்க்க அனுப்பிவிட்டு, பிலிமை வெளிச்சத்தில் பிடித்து அவரிடம் காட்டினேன். மூன்று ஜாயிண்டையும் காட்டினேன். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"வேற ரீல்ல எங்கயும் இருக்காதா அண்ணாச்சி?"

"எல்லாம் பாத்துட்டேன், பெருமாள். இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

ஒன்று இருந்தது. பிலிமில் ஒரு படத்துக்குரிய சத்தம் அந்தப் படத்துக்கு நேராக இருக்காது. ஓரத்தில் கொஞ்சம் முன்னாலேயே பதிவாகியிருக்கும். அதனால் ஒரு காட்சியை வெட்டினாலும் அதன் முதல் சத்தம், ஒரு நொடிகூட இராது, முந்தைய காட்சியின் ஓரத்தில் தங்கிவிடும். ஓட்டும்போது அது அடுத்த காட்சியின்மேல் கேட்கும்.

"அவரு விழும்போதே அந்தச் சிரிப்பு ஆரம்பிச்சிரும். அந்தச் சத்தம் மட்டும் லேசாக் கேக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அது அவ சத்தம் இல்லையே அண்ணாச்சி. சத்தமெல்லாம் மெட்ராஸ்ல போய் எடுப்போம்னு அவியளே சொன்னாவ. அங்க எவளோ சிரிச்சிருக்கா. இவ சிரிச்சா சத்தமே வராது. வாயப் பொத்திக்கிடுவா. தோள்தான் குலுங்கும்."

"பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருங்க. நான் டிக்கெட்ட வாபஸ் பண்ணச் சொல்லுதேன்."

"வழி நெடுக அம்மையப் பாக்கப் போறோம்னு சொல்லிக்கிட்டே வந்துட்டேன். பஸ்ல எல்லார்ட்டயும் அவளே சொல்லிட்டா. இனி எப்படிப் போவ?" என்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

3. மேட்னி

திரைக்கு முன்னால் கந்தப்பன் படத்தை நாற்காலியில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முருகேசன் மைக்கைப் பிடித்தார்.

"அவிய ஒரு படத்துலயும் ஜெயிச்சது கெடையாது. நாமளும் ஜெயிச்சது கெடையாது. மழை ஏமாத்துது, ஏவாரி ஏமாத்துதான், வீட்டுக்குப் போனா பொண்டாட்டி ஏமாத்துதா..."

"ஏலே, உன் பொண்டாட்டி பின்னால இருக்கா" என்று ஒரு குரல்.

"இருக்கட்டும்லே. அவளும் அழுதுக்கிட்டுதான் இருக்கா. எத்தனை அடி வாங்கினாலும் தொடச்சிக்கிட்டு அடுத்தது என்னன்னு கேட்ட மனுசன். இனி நம்மள யாருலே கேப்பா?" மைக்கைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

படம் ஆரம்பித்ததும் சிரித்தார்கள். ஆனால் வழக்கமான சிரிப்பு இல்லை. சிரித்து முடித்ததும் கொட்டகை சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதியில் என் மிஷின் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஒன்பதாவது ரீலை மாட்டினேன். கிடா இழுத்தது. கந்தப்பனின் கால் வழுக்கியது. ஜனம் சிரிக்க வாயைத் திறந்தது. சட்டென்று ஊர்த்தலைவர் வீட்டு முற்றம். தூணோரம் மஞ்சள் சேலை கட்டிய ஒரு துணை நடிகை செம்போடு நிற்கிறாள். ஒரு பெண்ணின் கலகலச் சிரிப்பு, தொடங்கிய இடத்திலேயே அறுந்தது.

"ஏலே ஆபரேட்டரு! கரண்டிய எங்கலே ஒளிச்ச?" என்று கத்தல் எழுந்தது. விசில் அடித்தார்கள். யாரோ செருப்பை எறிந்தார்கள். முருகேசன் எழுந்து நின்று, "சாவு வீட்டுலயாலே சண்டை போடுதிய?" என்று எல்லோரையும் உட்காரவைத்தார். நான் ஆபரேட்டர் ரூம் துவாரம் வழியாகப் பெருமாளைத் தேடினேன். இருட்டில் தெரியவில்லை.

4. அந்தச் சாயங்காலம்

படம் விட்டதும் இருவரும் மேலே வந்தார்கள். பிள்ளையின் முகம் மலர்ந்திருந்தது.

"மாமா, எங்க அம்மையப் பாத்தேன்! செம்பு வச்சிருந்தா. மஞ்சச் சேல. எம்புட்டு அழகு!"

நான் பெருமாளைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சா மாமா. எனக்குக் கேட்டுது."

"ஆமாம்மா" என்றேன்.

"எங்க பள்ளிக்கூடத்துல பிள்ளையள்லாம் பிலிம் துண்டு வச்சிருக்காவ. எங்க அம்மைய ஒரு துண்டு வெட்டித் தாரியளா?"

பெருமாள் அவளைப் படிக்கட்டுக்கு அனுப்பினார். "இருட்டுல கையப் பிடிச்சு இழுத்து, எங்கப்பா எங்கப்பான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. சிரிப்பு வந்த நேரம் அந்தப் பொம்பள நின்னா. அந்தான்னு கைய நீட்டிட்டேன்."

"பிறகு சொல்லிக்கிடலாம், பெருமாள். வயசு வரட்டும்."

"எதக் காட்டிச் சொல்ல?" என்றார். "எனக்கே அவ முகம் கலங்கலாத்தான் தெரியுது. இன்னைக்கு ஒருதடவ பாத்துட்டா இன்னும் கொஞ்ச வருஷம் நிக்கும்னு நெனச்சேன். கண்ண மூடுனா இப்ப அந்த மஞ்சச் சேலதான் வருது." படிக்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, "அந்தத் துண்டக் குடுத்துருங்க அண்ணாச்சி. அவளுக்காவது ஒரு முகம் இருக்கட்டும்" என்றார்.

காலையில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அதுவரை நான் எந்தப் பிரிண்டிலும் கத்தரி வைத்ததில்லை. கிழிந்த பிரேமைக்கூட முடிந்த மட்டும் ஒட்டித்தான் அனுப்புவேன். வெட்டி வைத்துக்கொண்ட ஆபரேட்டர்களைத் திருடர்கள் என்று பலமுறை திட்டியிருக்கிறேன். அன்று சாயங்காலம்தான் ஒன்று புரிந்தது. அவர்களில் ஒருவரும் கெடுக்க நினைத்து வெட்டியிருக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் யாரோ ஒருவர் கேட்டு நின்றிருப்பார்கள், அல்லது அவர்களுக்கே ஆசை வந்திருக்கும். இரண்டு பிரேம்தானே என்று நினைத்திருப்பார்கள். மஞ்சள் சேலைக்காரியும் எங்கோ யாருக்கோ மகளாகவோ அம்மாவாகவோ இருப்பாள். அவளைத் தேடியும் ஒருநாள் ஒருவர் ஒரு தியேட்டருக்கு வரலாம். ஆபரேட்டராக வேலை பார்த்ததில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பிரிண்ட் முரடர்கள் கையில் அழிவதில்லை, பிரியமானவர்கள் கையில்தான் அழிகிறது. அதைத் தெரிந்துகொண்டதால் எனக்கோ பெருமாளுக்கோ ஒரு பிரயோஜனமும் ஏற்படவில்லை.

மறுநாள் காலை ரூமைத் திறந்ததும், மிஷினைத் துடைப்பதற்கு முன்பே ஒன்பதாவது ரீலை ரீவைண்டரில் மாட்டினேன். மஞ்சள் சேலைக்காரியின் முகம் நன்றாகத் தெரிகிற இரண்டு பிரேமை வெட்டி எடுத்துக் காகிதத்தில் மடித்தேன். வெட்டிய ஓரங்களைச் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் பசையைத் தடவி, அழுத்திப் பிடித்தேன். ஜாயிண்ட் சுத்தமாக உட்கார்ந்தது. ஓடும்போது யாருக்கும் தெரியாது.